வீட்டு இன்வர்ட்டர் கணக்கை வைத்து லித்தியத்துக்குச் சார்ஜர் வாங்காதீர்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து மிச்சிகன் வந்து சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய ஆர்.வி. (உள்ளேயே தங்கிக்கொள்ளும் பயண வண்டி) வாங்கியாயிற்று, 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு போடப்போகிறேன், வண்டியில் இருக்கும் சார்ஜரே போதுமா, இல்லை அப்பா வரும்போது ஊரிலிருந்து ஒன்று கொண்டுவரச் சொல்லட்டுமா? கூடவே இன்சூரன்ஸ், நல்ல கேம்ப்கிரவுண்ட் என்று இன்னும் சில கேள்விகள். இன்சூரன்ஸுக்கு ஏஜெண்டிடம் பேசுங்கள், கேம்ப்கிரவுண்ட் போகப்போகத் தெரியும். சார்ஜர் விஷயத்தை மட்டும் விலாவாரியாகச் சொல்கிறேன். நான் வந்த புதிதில் இதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

முதலில், ஊரிலிருந்து வேண்டவே வேண்டாம். அங்கே 230 வோல்ட், இங்கே 120. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீர்ந்தது என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். வண்டிக்குள் அது வீண் எடை, வீண் சூடு. அதைவிட முக்கியம், அந்தச் சார்ஜர் நம் வீட்டு இன்வர்ட்டரின் டியூபுலர் ஈய பேட்டரிக்காகச் செய்தது. ஈய பேட்டரிக்கு அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிச் செல்களை ஈக்வலைஸ் செய்கிற, அதாவது சமப்படுத்துகிற, வகைகள் உண்டு. ஆர்.வி.க்குப் போடுகிற லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் வகைக்கு 14.2 முதல் 14.6 வரைதான். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் தொடர்பைத் துண்டித்துவிடும். பேட்டரியையும் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். ஒன்று 1,280 வாட்-அவர். பயணி விமானத்தில் அனுமதி 160 வரைதான்.

வண்டியோடு வரும் சார்ஜர், அதாவது சுவர் கரண்ட்டை பேட்டரிக்கு மாற்றித் தரும் பழைய கன்வர்ட்டர், பெரும்பாலும் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும். பேட்டரி கெடாது, ஆனால் கடைசிப் பகுதி ஆமை வேகத்தில் ஏறும், செல்கள் சமப்படுகிற வேலையும் ஒழுங்காக நடக்காது. எனக்கு வண்டி விற்றவர் ‘லித்தியம் ரெடி’ என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூடியைக் கழற்றினால் இந்தப் பழைய பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. விற்பவர் பேச்சை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எல்இடி பவர் சப்ளையை மாட்டலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கூடாது. காலியான லித்தியம் கொடுத்த கரண்ட்டை எல்லாம் இழுக்கும். அந்த சப்ளை ஒன்று விட்டுவிட்டு அணையும், இல்லை எரிந்து போகும். முதலில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தி, அப்புறம் வோல்ட்டேஜை நிலையாகப் பிடிக்கிற சார்ஜர்தான் வேண்டும். இதே காரணத்தால்தான் எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் நேராகக் கொடுக்காமல் நடுவே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வைக்கிறோம்.

எத்தனை ஆம்பியர்? இரண்டையும் இணையாகப் போட்டால் 200 ஆம்பியர்-அவர். பொதுவாகச் சார்ஜ் கரண்ட் அந்த எண்ணில் பாதியை, அதாவது 100 ஆம்பியரை, தாண்டக்கூடாது. 60 ஆம்பியர் தாராளம். அது சுவரிலிருந்து ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 1,440 வாட்தான், அதனால் கூடவே மைக்ரோவேவைப் போடாதீர்கள். வயர் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். வயர் முனையில் லக் என்கிற உலோக வளையத்தை அழுத்திப் பிடிக்கவைக்க ஹைட்ராலிக் கிரிம்ப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லக்கை அழுத்தியபின் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. என் வண்டியில் ஒவ்வொரு லக்கும் நான் அடித்தது. இந்த ஊரில் ஆளைக் கூப்பிட்டால் ஆகிற கூலிக்குக் கருவியையே வாங்கிவிடலாம், வேலையும் கையில் தங்கும்.

இனி சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே, அதாவது இங்கத்திய 32 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது. செல்லுக்குள் இருக்கும் ஆனோடு என்கிற மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. பேட்டரியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தலாம், ஏற்றத்தான் கூடாது. கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு மிச்சிகன்காரருக்கு யோசனை சொல்கிற நம்மவர்கள் இதைச் சொல்வதே இல்லை, அவர்களுக்கு அந்தக் குளிர் தெரியாது. கடலூரில் மார்கழி விடியலில் மப்ளர் கட்டிக்கொண்ட நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? இங்கே முதல் ஜனவரியில் கதவுப் பிடி விரலோடு ஒட்டிக்கொண்டதும்தான் எனக்குக் குளிர் என்றால் என்னவென்று புரிந்தது. குளிரில் தானே சார்ஜை நிறுத்துகிற பிஎம்எஸ் இருக்கிற பேட்டரி, முடிந்தால் உள்ளேயே ஹீட்டர் வைத்தது, அதைப் பார்த்து வாங்குங்கள். பத்து, இருபது டாலர் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

எங்கள் கடலூர் வீட்டுக்கு பேட்டரி வந்ததே ‘தானே’ புயலுக்குப் பிறகுதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்த காற்றில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆளில்லை. பக்கத்திலேயே நெய்வேலி இருந்தும் நாங்கள் இருட்டில்தான் கிடந்தோம். அப்புறம் அப்பா மஞ்சக்குப்பத்தில் இன்வர்ட்டர் வாங்கி வந்தார். மூடியைத் திறந்து மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த லுங்கியைப் பார்த்து அம்மா திட்டுவார். வோல்ட் மீட்டரை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று அப்பா சொல்லிவிடுவார். லித்தியத்தில் அது செல்லாது தம்பி. 13.2 என்று காட்டும், பாதியா முக்காலா என்று தெரியாது. ஷன்ட் (போகிற, வருகிற கரண்ட்டை அளக்க உதவும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மாடல் எண்ணை எழுதினால் குளிர் கட்-ஆஃப் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.