ஒரே புகை, ஊருக்கு ஊர் வேறு பாதிப்பு

கேள்வி: காட்டுத்தீயின் புகை ஒரு வட்டாரம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே அளவில்தானே சூழ்கிறது? அப்படியிருக்க, அருகருகே உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும் மருத்துவமனைக்கு ஓடுவோர் தொகை கூடுவது ஏன்?

பதில்: புகை ஒன்றாக இருக்கலாம், அதைச் சுவாசிக்கும் உடல்களும் அதைத் தடுக்க வேண்டிய வீடுகளும் ஒன்றல்ல. இந்தப் புகையில் அதிகம் அஞ்சத்தக்கது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். இரண்டரை மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத குறுக்களவு கொண்ட இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று அழற்சியைத் தூண்ட, அதன் விளைவு இதயத்தையும் எட்டுவதால், புகை என்றதும் இருமலை மட்டும் எண்ணும் நாம் இதயத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு மின்னல் தாக்கிச் சதுப்புநிலக் காடு எரிந்தபோது, அடர்புகை சூழ்ந்த மாவட்டங்களில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் மட்டுமல்லாமல், இதயச் செயலிழப்புக்காக வந்தவர்களும் கூடினர். பின்னது சுமார் 37 சதவீத உயர்வு. அதே தீயை மீண்டும் ஆராய்ந்தபோது, சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாவட்டங்களில் பாதிப்பு மேலும் கடுமையாக இருந்தது தெரியவந்தது. உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. சன்னலை அடைத்தால் வெக்கை தாங்காத வீட்டில் இருப்பவரும், ஒரு நாள் வேலையை விட்டால் கூலியை இழப்பவரும் “வெளியே வராதீர்கள்” என்ற அறிவிப்பைக் கேட்டு என்ன செய்துவிட முடியும்?

இதன் தொடர்ச்சியாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2017இல், புகையால் எந்த மாவட்ட மக்களின் உடல்நலம் எளிதில் பாதிக்கப்படக்கூடும் என்று காட்டும் குறியீடு ஒன்றை வெளியிட்டனர். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், 65 வயதைக் கடந்தோர் விகிதம் ஆகியவற்றோடு வறுமை, கல்வி, வேலையின்மை போன்றவற்றையும் சேர்த்து அது மாவட்டங்களை வரிசைப்படுத்துகிறது. பயனுள்ள முயற்சிதான், ஆனால் மாவட்டச் சராசரி என்பது, வசதியான நகரின் ஓரத்தில் இருக்கும் ஏழைக் குடியிருப்பை மறைத்துவிடக் கூடியது என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி: ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. துணியின் இழைகளுக்கு நடுவே நுண்துகள் எளிதில் நுழைந்துவிடும். ஈரம் அதைத் தடுப்பதில்லை. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும் திறன் கொண்டது. தாடி வைத்திருப்பவர்களுக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை. சிறு குழந்தைகளின் முக அளவுக்கு அது செய்யப்படுவதும் இல்லை. அவர்களுக்கு வீட்டின் ஓர் அறையையாவது கதவு சன்னல்களை அடைத்து, காற்று வடிகட்டும் கருவியை இயக்கி, உள்ளே எதையும் எரிக்காமல் காப்பதே வழி. புகை விலகியதும் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். உள்ளே புகுந்த துகள்கள் வெளியேற வேண்டும்.