அம்மம்மாவுக்கு ஞாபகசக்திச் சோதனையில் 30க்கு 17 வந்திருக்கிறது. அறளை பெயர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

அந்த 17ஐ விட, அம்மம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

செய்தது மினி மென்டல் என்கிற 30 புள்ளிச் சோதனை என்று சொன்னீர்கள். 1975இல் அமெரிக்காவில் உருவான சோதனை அது. 24க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5 புள்ளி. ஒரு வசனத்தை வாசித்து அதன்படி செய்ய, சொந்தமாக ஒரு வசனம் எழுத, இரண்டு ஐங்கோணம் பார்த்து வரைய ஒவ்வொன்று. மூன்றாம் வகுப்போடு பேனையை விட்டவருக்கு இந்த 8ம் போனால், மிச்சம் 22க்குத்தான் 17. இதே மாதிரி இன்னொரு ஞாபகசக்திச் சோதனையான மொக்காவும் பெரிதாக உதவாது. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டித் தருவார்கள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதாதவருக்கும் மூன்றாம் வகுப்புக்காரருக்கும் அதே ஒன்றுதான்!

கிளிநொச்சி வட்டக்கச்சியில் என் அம்மாவிடமும் இப்படியொரு சோதனையில் திகதி கேட்டார்கள். "ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள்" என்றார். சரியான பதில்தான், தாளில் பிழை. ஏழைக் கழிக்கவும் வரவில்லை. ஆனால் வயலுக்கு எத்தனை மூடை பசளை இறங்கியது, யாருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டால் இன்றும் வாயிலேயே கணக்குச் சொல்வார்.

படிப்பையும் மொழியையும் அதிகம் நம்பாத ரூடாஸ் என்று ஒரு சோதனை சிட்னியில் உருவானது. கடைச் சாமான் நான்கை நினைவில் வைக்கவேண்டும், வாகனம் ஓடும் வீதியை எப்படிக் கடப்பீர்கள் என்று சொல்லவேண்டும். அது செய்ய முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதோடு, முன்பு செய்த எதை இப்போது செய்யமுடியவில்லை என்பதை நீங்களே கவனித்துச் சொல்லுங்கள். தெரிந்த ஒழுங்கையில் வழி தவறுகிறாரா? கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாரா? எந்தப் புள்ளியை விடவும் டொக்டருக்கு அது உதவும்.

மறதி எல்லாம் டிமென்ஷியா என்கிற அறளைநோயும் அல்ல. தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைவு, காது கேளாமை எல்லாம் அப்படிக் காட்டும். மனச்சோர்வும் அப்படித்தான்; 2009 போரைக் கடந்து வந்த எங்கள் வயதானவர்களிடம் அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று மாறாட்டம் வந்தால், கிளினிக் திகதி வரும்வரை இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சலத்தில் கிருமித்தொற்று, விழுந்து தலையில் அடிபட்டது என்று ஏதாவது இருக்கலாம்.

அடுத்தமுறை கிளினிக் கொப்பியோடு அவர் போடும் குளிசை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். நித்திரைக் குளிசை இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்; மறதிக்கு அதுவும் காரணமாகலாம்.