கவசம் மின்ன என்ன வாங்கலாம்?

கே: 28 மி.மீ. உயர மினியேச்சர் (குட்டிப் பொம்மை) வீரனின் கவசத்துக்கு வெள்ளி நிற பெயின்ட் பூசினேன். சாம்பல் பெயின்ட்டில் மினுக்குத்தூள் தூவியது போலிருக்கிறது. எந்த பிராண்டுக்கு மாறலாம்?

ப: முதலில் அடிப்பூச்சை மாற்றுங்கள். உலோகத் துகள்களின் இடுக்கில் அடிநிறம் தெரியும். வெள்ளைப் பிரைமர் என்றால் கவசம் வெளிறிப்போகும். கறுப்பு பூசி, அதன்மேல் வெள்ளியை மெல்லிசாக 2 முறை பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பள்ளங்களில் கறுப்பு வாஷ் (பள்ளத்தில் ஓடித் தங்கும் நீர்த்த பெயின்ட்), விளிம்புகளில் மட்டும் மறுபடி வெள்ளி. அதன்பிறகும் பொடி தெரிந்தால் துகள் நுண்ணியதாக உள்ள வலேஹோ பிராண்டின் மெட்டல் கலர் வாங்கலாம். கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து எல்லாவற்றையும் மங்கடித்துவிடாதீர்கள்.

கே: மெட்டாலிக் பூச விலையுயர்ந்த சேபிள் (விலங்கு முடி) தூரிகை தேவையா?

ப: வேண்டாம். சிந்தெடிக் போதும். கழுவும் தண்ணீரைத் தனியாக வையுங்கள், இல்லையென்றால் வீரனின் முகமும் மினுங்கும்.

கே: வலேஹோ லிக்விட் கோல்ட் பெயின்ட்டில் தண்ணீர் கலந்தேன், திரிந்துவிட்டது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்.

ப: தரத் தேவையில்லை. அது ஆல்கஹால் பெயின்ட். படிக்காமல் கலந்தது உங்கள் தவறு. இனி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மட்டும்.

கே: 'கண்ணாடி குரோம்' ஸ்ப்ரே வாங்கினேன். கை பட்டதும் மங்கிவிட்டது.

ப: மூடியில் பளபளக்கும் அந்தப் படத்தை நம்பி நானும் 2 டப்பா வாங்கி நொந்திருக்கிறேன். துகள்கள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாகப் படிந்தால்தான் கண்ணாடிப் பளபளப்பு வரும். அதற்கு அடியில் வழவழப்பான பளபளக்கும் கறுப்பு வேண்டும். சொரசொரப்பான மேட் பிரைமர்மேல் அடித்தால் வெறும் சாம்பல்தான். விரல் பட்டால் துகள் கலையும். காப்பாற்றலாமென்று வார்னிஷ் அடித்தால் அதன் கரைப்பான் துகளைக் கிளப்பி மங்கடிக்கலாம். வீட்டுச் சாமான்களுக்கான சில ஸ்ப்ரேக்கள் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். இதையெல்லாம் டப்பாவில் முன்பக்கமே அச்சிட வேண்டும். அதோடு, முழுக் கண்ணாடியாக மின்னும் கவசம் இந்தச் சின்ன அளவில் எஃகாகத் தெரியாது. ஒளியும் இருளும் அடுத்தடுத்து வந்தால்தான் எஃகு.

கே: 'இறக்குமதி வெள்ளி' என்று ஆன்லைனில் வாங்கினேன். லேபிள் இல்லாத குப்பியில் நீர்த்த திரவம் வந்தது. விற்றவர் பதிலே சொல்வதில்லை.

ப: உங்கள்மேல் தவறில்லை, ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். கனமான துகள் அடியில் தங்கும். பெரிய குப்பியைக் குலுக்காமல் மேலாக ஊற்றி விற்றால் வருவது பெரும்பாலும் துகளை ஒட்டவைக்கும் பிசின்தான். இறக்குமதியாளர் பெயர், நிகர அளவு, விலை இல்லாத பொட்டலத்தை இந்தியாவில் விற்கக் கூடாது. குப்பியைக் கொட்டிவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் படமெடுத்து, ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள்.