கல்லீரல் கட்டிக்கு எம்ஆர்ஐ: சாதாரண காண்ட்ராஸ்டா, பிரைமோவிஸ்டா, எது நல்லது?

ஸ்கேனுக்கு நாள் குறித்த பிறகுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பதினோரு வருடமாக எம்ஆர்ஐ டெக்னீஷியன். டாக்டர் இல்லை. எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் ரேடியாலஜிஸ்ட். ஊசி போட்டுப் படம் எடுக்கிறவளாக நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

காண்ட்ராஸ்ட் என்பது படத்தில் கட்டி தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து. இரண்டுமே கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்தவைதான். காடோபியூட்ரால், காடோடெரேட் போன்ற சாதாரண வகைகள் செல்லுக்குள் போகாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். கட்டிக்கு ரத்தம் எப்படி வந்து போகிறது என்று காட்டும். பிரைமோவிஸ்ட் என்கிற காடாக்ஸெடேட் அப்படியில்லை. கல்லீரல் ஆரோக்கியமாக இருந்தால் மருந்தில் பாதியளவு கல்லீரல் செல்லுக்குள்ளேயே புகுந்து பித்தத்தில் இறங்கும். 20 நிமிடம் கழித்து எடுத்தால் கல்லீரல் வெள்ளையாகவும், வேறு உறுப்பிலிருந்து பரவிய சின்னப் புற்றுக் கட்டிகள் கறுப்புப் புள்ளிகளாகவும் பளிச்சென்று தெரியும். எஃப்என்ஹெச் என்ற ஆபத்தில்லாத கட்டி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நடுவில் காடோபெனேட் என்று ஒன்று உண்டு. அதில் 3 முதல் 5 சதவீதம்தான் கல்லீரலுக்குள் போகும், கடைசிப் படத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

சரி, அப்படியென்றால் பிரைமோவிஸ்ட்தானே நல்லது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லீரல் சுருக்கம் இருந்த ஒரு பெரியவர் வந்தார். அவருடைய கட்டி கல்லீரலிலேயே தோன்றும் புற்றா என்பதுதான் சந்தேகம். அதற்கு ஊசி ஏறிச் சுமார் அரை நிமிடத்தில், தமனி வழியே மருந்து வரும்போது எடுக்கும் தமனிக் கட்டப் படம் உயிர்நாடி. அவர் அதுவரை அழகாக மூச்சை அடக்கியவர், சரியாக அந்த நேரத்தில் திணறிவிட்டார். படம் கலங்கிப் போனது. சுருங்கிய கல்லீரல் மருந்தைச் சரியாக இழுக்காததால் 20 நிமிடப் படமும் மங்கல். அறிக்கையில் "தொழில்நுட்பக் குறைபாடு" என்று எழுதினார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காடாக்ஸெடேட் சிலருக்கு அந்தச் சில நொடிகள் மூச்சைக் குலைக்கும் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். டோஸும் சாதாரண வகையில் கால்வாசிதான் என்பதால் நேரம் துளி தவறினாலும் போச்சு. அப்புறம் அவருக்குச் சாதாரண காண்ட்ராஸ்டில் மறுபடி எடுத்தோம். தமனிக் கட்டத்தில் கட்டி வெளுத்து, பிறகு மங்கியது தெளிவாகத் தெரிந்தது. அறிக்கையின் அடியில் எங்கள் பெயர் ஒருநாளும் வராது. படம் கெட்டால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும். நல்ல படம் எடுத்த நாளில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிரைமோவிஸ்ட் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பரவிய கட்டிகளைத் தேடுவதென்றால் என் வீட்டு ஆளுக்கும் அதைத்தான் கேட்பேன். கடோலினியம் மூளையில் தங்குமே என்று யாராவது வருவீர்கள். அதனால்தான் 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை கடோலினியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்காத லீனியர் வகைகளைக் கட்டுப்படுத்தியது. அப்போதும் காடாக்ஸெடேட்டையும் காடோபெனேட்டையும் கல்லீரலுக்காக விட்டுவைத்தது.

பழைய ஸ்கேன் படங்கள், கல்லீரலுக்கான பிலிருபின், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையோடு கொண்டு போங்கள். மூச்சை வெளியே விட்டு 20 நொடி அடக்க வீட்டிலேயே பழகுங்கள். ஊசி ஏறும்போது மூச்சு ஒரு மாதிரி ஆகலாம், பெரும்பாலும் சில நொடியில் சரியாகிவிடும் என்று இப்போதெல்லாம் நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் யாரும் சொல்லாவிட்டால், மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.