முட்டுவலியும் நான்கு கணவாய்களும்

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது 56. மகள் ஜூரிச்சில் வேலை பார்க்கிறாள். ஆல்ப்ஸ் மலையில் மைரிங்கன் என்ற ஊரில் தொடங்கி காண்டர்ஸ்டெக் வரை ஐந்து நாள் நடக்கலாம், நடுவே நான்கு கணவாய்கள், ராத்திரி ஓட்டலில் கட்டிலில் தூங்கலாம், கூடாரம் சுமக்க வேண்டாம் என்கிறாள். எனக்கு மே மாதம்தான் லீவு, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சின்ன வயதில் சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடியவர். "திருமலையில இருந்து திருநட்டாலம் வர ஓடினவனுக்கு இதெல்லாம் ஒரு நடையா?" என்கிறார். இப்போது அவருக்கு முட்டுவலி. நீங்கள் அந்தப் பக்கம் நடந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எங்களால் முடியுமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில் மே மாதத்தை அழித்துவிடுங்கள். நமக்கு அது கோடை. அங்கே 2500 மீட்டருக்கு மேலே மே மாதத்தில் பனிதான் கிடக்கும், பாதையே கண்ணில் படாது. ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரைதான் சரியான காலம். காலாண்டு லீவில் போகலாமே என்று தோன்றும். அது இழுபறி. செப்டம்பர் கடைசியில் புதுப்பனி விழலாம், மலை ஓட்டல்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தத் தொடங்கும். ஆகஸ்டில் ஈட்டிய விடுப்பு கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சிவாலய ஓட்டம். உங்கள் வீட்டுக்காரர் சார் கோபப்படக் கூடாது. பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு ராத்திரியும் ஒரு பகலும். யார் செய்தாலும் பெரிய காரியம்தான். ஆனால் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் அந்த ஓட்டம் போகிற வழி மேடுபள்ளம்தான், மலை இல்லை. கணவாய் என்றதும் நமக்கு ஆரல்வாய்மொழிதான் ஞாபகம் வரும். காற்றாடிகளுக்கு நடுவே ரயில் போகிற தாழ்ந்த இடைவெளி அது. ஆல்ப்ஸில் நீங்கள் ஐந்தாம் நாள் கடக்கப்போகும் ஹோட்யூர்லி கணவாயின் உயரம் 2778 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2695. ஆனைமுடியின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, இரண்டு சிகரங்களுக்கு நடுவில் இருக்கும் 'தாழ்வான இடம்' இதுதான் என்பார்கள். நான்காம் நாள் கணவாயின் பெயர் செஃபினன்ஃபுர்க்கெ. ஃபுர்க்கெ என்றால் கவட்டை. கீழே நின்று பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

அதனால் அங்கே யாரும் கிலோமீட்டரை வைத்து நடையை அளப்பதில்லை. சுவிஸ் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகை இருக்கும். ஊர் பெயரும் அதற்கு எதிரே மணிக்கணக்கும் போட்டிருக்கும், தூரம் இருக்காது. ஓய்வெடுப்பதும் போட்டோ எடுப்பதும் அந்தக் கணக்கில் சேராது. நாமே கணக்குப் போட ஒரு வழி உண்டு. ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு 500, சமதளத்துக்கு 4 கிலோமீட்டர். ஏற்ற இறக்க நேரத்தைத் தனியாகவும் தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கூட்டி, பெரியதோடு சிறியதில் பாதியைச் சேர்க்க வேண்டும். நான்காம் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ம்யூரன் 1638 மீட்டரில் இருக்கிறது, கணவாய் 2612, அந்தப்பக்கம் கிரீஸால்ப் 1408. ஏறுவதற்கு மூன்றேகால் மணி, இறங்க இரண்டரை. தூரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர், அதற்கு நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி. மொத்தம் ஏழரை மணிக்கு மேல். சாப்பாட்டையும் மூச்சு வாங்குவதையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம். சார் ராத்திரி முழுக்க ஓடிய அதே கால்தான், ஆனால் ஒரு பகல் முழுக்க நடந்து பதினைந்து கிலோமீட்டர்தான் தாண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் வந்த ஞானம். நாங்கள் மூன்று பேர் போனபோது ம்யூரனில் காலைச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒன்பது மணி வரை உட்கார்ந்து தின்றோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு அடித்தது, நின்றோம், மறுபடி ஏறினோம். உச்சியில் நின்று கத்தியெல்லாம் ஆயிற்று. அப்புறம் அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கறுப்பாக நொறுங்கிக் கிடக்கும் கல்சரிவு, அதில் பதித்த மரப்படிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கயிறு, கண்ணுக்கு எட்டுகிற வரை கீழே கீழே. இருநூறு படி இறங்கியதும் தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அந்த வலி உடனே முழுசாக வராது, மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கும்போது தெரியும். மறுநாளோ ஹோட்யூர்லி. கிரீஸால்ப் ஓட்டலுக்குப் போய்ச்சேர்ந்தபோது சமையலறையைப் பூட்டியிருந்தார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆறிப்போன சூப்பும் கிடைத்தன. தப்பு முழுக்க எங்களுடையதுதான்.

ஓட்டலில் தங்கி நடப்பதில் உள்ள சிக்கலும் இங்கேதான். கட்டில், வெந்நீர், சூடான சாப்பாடு எல்லாம் உண்மை. 1650 மீட்டருக்குக் கீழேயே தூங்குவதால் இமயமலையில் வருவதுபோல உயர நோய் வர வாய்ப்பு குறைவு. ஆனால் அடுத்த ஊரில் அறைக்குப் பணம் கட்டியாயிற்று, மழை என்று ஒரு நாள் தள்ளிப்போட முடியாது. மகள் பதிவு செய்யும்போது கடைசி நிமிடம் வரை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டு வைக்கட்டும். கிரீஸால்ப் சின்ன இடம், அங்கே முதலில் அறை பிடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

முதல் இரண்டு கணவாய்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கிரோஸ ஷைடெக் வரை பஸ் வருகிறது. கிளைன ஷைடெக்கில் ரயில் நிலையமே இருக்கிறது. முடியவில்லை என்றால் டிக்கெட் எடுத்து இறங்கிவிடலாம். மூன்றாம் நாளை லவுட்டர்புருன்னனிலிருந்து ம்யூரன் வரை மட்டும் என்று குட்டையாக வையுங்கள். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும்தான் கணவாயில் பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். பாதையோரக் கல்லில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் அது உங்கள் வழி. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு கட்டி ஏறத் தெரிந்தவர்களுக்கானது, திரும்பிவிடுங்கள்.

உங்களால் முடியுமா? முடியும், நான்கு மாதம் பழகினால். சமதளத்தில் காலை நடை போவதால் பெரிய பிரயோசனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொற்றையடியில் இறங்கி மருந்துவாழ் மலை ஏறுங்கள். இறங்கி வந்து ஒரு மோர் குடித்துவிட்டு மறுபடி ஏறுங்கள். நாம் பழக்க வேண்டியது இறங்குகிற காலை. அங்கே போட்டு நடக்கப்போகும் பூட்ஸையே போட்டுக்கொள்ளுங்கள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். இரண்டு ஊன்றுகோலும் வேண்டும், முட்டின் பாரத்தில் கொஞ்சத்தை அவை வாங்கிக்கொள்ளும். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்த பாலிசி மலை நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சாருக்கு என் யோசனை வேறு. முதல் மூன்று நாள் உங்களோடு முடிந்தவரை நடக்கட்டும், முடியாத இடத்தில் ரயில் ஏறட்டும். நான்காம் நாள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயிலில் இன்டர்லாக்கன், ஷ்பீட்ஸ் வழியாக ரைஷன்பாக் போய், அங்கிருந்து கீன்டால் பள்ளத்தாக்கு வழியாக மஞ்சள் தபால் பஸ்ஸில் கிரீஸால்ப் வரட்டும். கடைசி ஏற்றத்தில் அந்த பஸ் வளைந்து ஏறுவதைப் பார்த்தால் நம் பேச்சிப்பாறை ரோடெல்லாம் ஒன்றுமில்லை. மறுநாளும் அதேபோல பஸ், ரயில் மாறி காண்டர்ஸ்டெக். அன்றைக்கு உங்களுக்கு இறக்கம் மட்டும் 1600 மீட்டர். வழியில் ஓஷினன் ஏரி வரும், அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கேபிள் கார் உண்டு. வெட்கப்படாமல் அதில் ஏறிவிடுங்கள்.

நீங்கள் காலை இழுத்துக்கொண்டு ஓட்டல் வாசலுக்கு வரும்போது சார் குளித்து, வேட்டி மாற்றி, வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். "என்ன, இவ்வளவு நேரமா?" என்றும் கேட்பார். அதற்கு இப்போதே ஒரு பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.