900 மீட்டருக்கு எந்த ஸ்கோப்? பெருக்கத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: ஒன்டாரியோவில் வசிக்கிறேன், வயது 54, கண்ணாடி போடுகிறேன். கனமான குழல் கொண்ட .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். இதுவரை கிளப்பில் 200 மீட்டர் வரைதான் சுட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஒட்டாவா கனாட் ரேஞ்சில், ஸ்கோப் வைத்துப் படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில், இருகால் தாங்கி வைத்துச் சுடும் எஃப்-டிஆர் பிரிவில், 900 மீட்டர் வரை சுட ஆசை. ஸ்கோப்புக்கு 1,800 கனடிய டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 5-25x56 (5 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸ் 56 மி.மீ.), ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் வாங்கச் சொல்கிறார். கிளப் நண்பர் 55 மடங்கு இல்லாமல் எஃப்-கிளாஸ் பக்கமே போகாதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இருவருமே பெருக்கத்தில் தொடங்கிவிட்டார்கள். தொலைதூரச் சுடுதலில் ஸ்கோப்புக்கு முதல் வேலை பெரிதாகக் காட்டுவது அல்ல. குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் திருகான டரெட்டை எவ்வளவு திருப்பினீர்களோ அவ்வளவு மட்டும் குறி நகர வேண்டும், திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். அந்த நகர்வு உங்கள் தூரத்துக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். இது சரியாக இருந்தால்தான் லென்ஸ் தரம், பெருக்கம் பற்றியெல்லாம் பேச முடியும்.

முதலில் அளவு. ஸ்கோப் உலகில் கோணத்தை எம்ஓஏ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் இது 2.9 செ.மீ., 900 மீட்டரில் சுமார் 26 செ.மீ. எஃப்-கிளாஸ் இலக்கில் 5 புள்ளி வளையம் ஏறக்குறைய ஒரு எம்ஓஏ அகலம், நடுவில் உள்ள வி-புல் அதில் பாதி. 900 மீட்டர் தள்ளி இருக்கும் வி-புல்லின் அகலம் சுமார் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

டரெட்டின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். கடைக்காரர் காட்டிய 5-25 வகை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 0.1 மில் கிளிக்கோடு வருகின்றன. மில் என்பது இன்னொரு கோண அலகு, தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிளிக் திருப்பினால் 900 மீட்டரில் குறி 9 செ.மீ. நகரும். வி-புல்லே 13 செ.மீ. தான். கால் எம்ஓஏ கிளிக் என்றால் 6.5 செ.மீ. நகரும், 1/8 எம்ஓஏ கிளிக் என்றால் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். எஃப்-கிளாஸ் ஆட்கள் 1/8 கிளிக்கைத் தேடிப் போவது இதனால்தான். கால் எம்ஓஏ வைத்தும் சுடலாம், பலர் சுடுகிறார்கள். 0.1 மில் இந்தப் போட்டிக்குக் கொஞ்சம் பருமன்.

ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் விஷயமும் அப்படித்தான். அதில் ரெட்டிக்கிள், அதாவது உள்ளே தெரியும் குறிக்கோடு, பெருக்கத்தோடு சேர்ந்து வளரும். அதனால் எந்தப் பெருக்கத்திலும் அதன் அளவுக் கோடுகள் சரியாக இருக்கும். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிகளில், நேரக் கெடுவுக்குள் வெவ்வேறு இரும்புத் தகடுகளை அடிக்கும் இடத்தில், அது அருமையான வசதி. உங்கள் போட்டியில் தூரம் முன்கூட்டியே தெரியும், இலக்கும் ஒரே இடத்தில் நிற்கும். செகண்ட் ஃபோகல் பிளேனில் கோடு வளராது. பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது இலக்கில் மறைக்கும் பகுதி குறைந்துகொண்டே போகும். சின்ன வி-புல்லின் நடுவில் மெல்லிய புள்ளியை வைக்க இதுவே வசதி. எனவே உங்களுக்கு செகண்ட் ஃபோகல் பிளேன் போதும். இல்லாத தேவைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது எல்லாரும் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். .308 தோட்டா 900 மீட்டர் போவதற்குள் நிறையக் கீழே இறங்கிவிடும். 100 மீட்டரில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்த ரைஃபிளை 900 மீட்டருக்குக் கொண்டுபோக, தோட்டாவின் எடையையும் வேகத்தையும் பொறுத்து, சுமார் 35 எம்ஓஏ மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 60 எம்ஓஏ என்று பெட்டியில் போட்டிருந்தால் அது மேலும் கீழும் சேர்த்து. நடுவிலிருந்து மேலே 30 தான். 35 தேவைப்படும்போது 30-ல் டரெட் நின்றுவிடும், அதற்கு மேல் திரும்பாது. போட்டி நாளில் மேட்டில் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

தீர்வு எளிது. ரைஃபிளின் மேல் 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயிலை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையைப் பொருத்துங்கள். ஸ்கோப் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து உட்காரும். அதனால் மேலே ஏற்ற 50 கிடைக்கும், கீழே 10 மிஞ்சும், 100 மீட்டர் ஜீரோவும் கைவிட்டுப் போகாது. இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்கோப்பின் உள்குழாய் வட்டமானது. டரெட்டை மேலே எல்லை வரை ஏற்றிவிட்டால் பக்கவாட்டில் நகர இடம் குறைந்துவிடும். 900 மீட்டரில், மணிக்கு 16 கி.மீ. காற்று நேர் குறுக்காக வீசினால் .308 தோட்டா சுமார் 8 எம்ஓஏ, அதாவது 2 மீட்டர் ஒதுங்கும். அந்தப் பக்கவாட்டு இடம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். 55, 60 மடங்கு ஸ்கோப்புகள் சிலவற்றில் மொத்த ஏற்றம் குறைவாக இருக்கும் என்பதால் வாங்கும் முன் இந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் 30 அல்லது 34 மி.மீ. என்றால் பொதுவாக ஏற்றம் கூடும். தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது இடமாறு தோற்றம் (பேரலாக்ஸ்). பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் வாசிப்பு மாறுமே, அதேதான். தலை சற்று நகர்ந்தால் குறியும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். 50 மி.மீ. லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 100 மீட்டருக்கு மட்டும் சரிசெய்து நிரந்தரமாக மூடியிருந்தால், 900 மீட்டரில் இந்தப் பிழை கணக்குப்படி 20 செ.மீ. வரை போகலாம். வி-புல்லைவிடப் பெரிய பிழை இது. ஆகவே இந்தப் பிழையைச் சரிசெய்யும் திருகு பக்கவாட்டில் உள்ள ஸ்கோப்தான் வாங்க வேண்டும். திருகில் அச்சிட்டிருக்கும் எண்களை வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளைத் தொடாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறி இலக்கில் அசையாமல் ஒட்டி நிற்கும் வரை திருகுங்கள். அதுதான் சரியான இடம்.

சரி, பெருக்கத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்லும் 55 மடங்கு குளிர்ந்த காலையில் மிக அழகாக இருக்கும். ஆகஸ்டில் நடுப்பகலில் தரை சூடேறினால் கானல் எழும். இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும், 55 மடங்கில் அந்த ஆட்டமும் 55 மடங்கு. அப்போது அனுபவசாலிகள் 25, 30-க்கு இறக்கிவிடுவார்கள். எனவே மேல் எல்லையைவிடக் கீழ் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். 10-50 அல்லது 15-55 இருந்தால் இறங்கிக்கொள்ள வழி இருக்கும். கானல் தொல்லை மட்டும் தருவதில்லை. அது ஓடும் திசையும் வேகமும் காற்றைக் காட்டிக் கொடுக்கும். ஃபோகஸை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் கானல் தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டு, சுடும் முன் திரும்ப இலக்குக்கே கொண்டுபோய் விடுங்கள்.

56 மி.மீ. முன்லென்ஸ் அவசியமா? லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.2 மி.மீ. 52-ஐ 55-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.கூட வராது, படம் இருண்டு தலையை அங்கே இங்கே அசைக்க முடியாமல் போகும். அந்திநேரத்தில் வேட்டையாடுபவருக்குப் பெரிய லென்ஸ் முக்கியம். பட்டப்பகலில் சுடும் உங்களுக்கு 50, 52 போதும். எடையும் மிச்சம். எஃப்-டிஆரில் ஸ்கோப், இருகால் தாங்கி உட்பட மொத்தம் 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் குழல் கனமானது என்பதால் ஸ்கோப் வாங்கும் முன் ரைஃபிளைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடி போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இந்த விளையாட்டுக்கே கண் பிரச்சினைதான் தொடக்கம். துளைக்குறி வைத்துச் சுட முடியாத நிலையில், ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துத் தொடர்ந்து சுட விரும்பிய கனடியர் ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்பவரின் முயற்சியில் பிறந்தது எஃப்-கிளாஸ். எஃப் என்பது அவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்பக்க வளையத்தைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் அந்த வளையத்தால் சரிசெய்ய முடியாது, கண்ணாடியோடுதான் சுட வேண்டும். தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே கண்ணாடியான முற்போக்கு (புரோகிரசிவ்) லென்ஸ் போட்டிருந்தால், குப்புறப் படுத்துப் பார்க்கும்போது கண் கண்ணாடியின் மேல் ஓரம் வழியே பார்க்கும், படம் கலங்கும். தூரப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவை நான் ஸ்கோப் செலவில் சேர்த்தே கணக்கிடுவேன். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடைவெளி 9 செ.மீ. அளவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னுதையின்போது கண்ணாடியில் இடிக்கக் கூடாது.

ஆக, உங்கள் 1,800 டாலரை எப்படிப் பிரிப்பது? ரெயில், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள், ரசமட்டம் மூன்றுக்கும் 300 டாலரை ஒதுக்கிவையுங்கள். மீதிக்கு செகண்ட் ஃபோகல் பிளேன், 1/8 கிளிக், பக்கத் திருகு உள்ள ஸ்கோப்பைத் தேடுங்கள். ஸைட்ரன் எஸ்3 10-50x60 இந்த வேலைக்கு நன்றாகப் பழகியது, லென்ஸ் மட்டும் சற்றுப் பெரிது. வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60x52, நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55x52 இரண்டும் எஃப்-கிளாஸுக்கென்றே வந்தவை. நைட்ஃபோர்ஸ் எடை 800 கிராமுக்குள் அடங்கும். புதிதாக எட்டாவிட்டால் கிளப்பில் யாராவது பழையதை விற்கிறார்களா என்று கேளுங்கள். வோர்டெக்ஸ் உத்தரவாதம் கைமாறினாலும் செல்லும். பழைய ஸ்கோப் வாங்குவதில் தப்பே இல்லை, சோதித்து வாங்கினால்.

சோதிப்பது இப்படி. 100 மீட்டரில் ஒரு உயரமான பலகையில் தூக்குக்குண்டு விட்டு நேர்க்கோடு வரையுங்கள். ஸ்கோப்பை அசையாமல் இறுக்கி, குறியைக் கோட்டின் ஒரு முனையில் வைத்து 30 எம்ஓஏ திருப்புங்கள். குறி கோட்டின் மேலேயே 87.3 செ.மீ. நகர்ந்திருக்க வேண்டும். எப்போது செய்தாலும் 90 என்று வந்தால் பரவாயில்லை, 3 சதவீதம் கூடுதல் என்று குறித்துக்கொண்டு கணக்கில் திருத்திவிடலாம். ஒருமுறை 87, மறுமுறை 89, திருப்பி வைத்தால் தொடங்கிய இடத்துக்கு வராமல் நிற்கிறது என்றால், அந்த ஸ்கோப் எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் வேண்டாம்.

நகர்வு கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சிறிதாக எண்ணாதீர்கள். 35 எம்ஓஏ ஏற்றிய நிலையில் ரைஃபிள் வெறும் 2 பாகை சாய்ந்தால் 900 மீட்டரில் தோட்டா 30 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் போகும். நீங்கள் அதைக் காற்று என்று நினைத்துத் தவறான பக்கம் திருத்துவீர்கள். ரசமட்டத்தை இதற்காகத்தான் வாங்கச் சொன்னேன். வளையத் திருகுகளைக் கைபலத்தில் இறுக்காமல் முறுக்குவிசைச் சாவி வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே நகர்வு சிக்கும்.

கனடாவில் ரைஃபிளுக்குத்தான் பிஏஎல் எனப்படும் துப்பாக்கி உரிமம் வேண்டும், ஸ்கோப்புக்குத் தனி உரிமம் இல்லை. குளிர்காலத்திலேயே வாங்கிப் பொருத்தி, இந்தச் சோதனையையும் முடித்துவிட்டால், வசந்தத்தில் 300 மீட்டரில் தொடங்கலாம். அப்புறம் 500, 700 என்று போகும்போது ஒவ்வொரு தூரத்துக்கும் டரெட் எண்ணை, அன்றைய வெப்பநிலையோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். 900-க்குப் படுக்கும்போது முதல் குண்டு எங்கே விழும் என்பது ஏறக்குறையத் தெரிந்திருக்கும்.