ஷெஃபீல்டின் கடைசி டாக்சி

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக் மங்கீஸ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் ஆல்பம் என்று எழுதியிருந்தீர்கள். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டேன். இரவு விடுதி, வாசலில் பவுன்சர், குடித்துவிட்டு வீடு திரும்பும் பையன்கள். இது எந்த ஊருக்கும் பொருந்துமே? ஷெஃபீல்டு என்றால் எஃகு என்று படித்திருக்கிறேன். அதில் எதுவும் காதில் விழவில்லை. ஊர் எங்கே இருக்கிறது?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

டாக்சிப் பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். 'ரெட் லைட் இண்டிகேட்ஸ் டோர்ஸ் ஆர் செக்யூர்ட்.' ஆறு பேர் ஒரே வண்டியில் ஏறப் பார்க்கிறார்கள். ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் சாப்பாடு வேறு இருக்கிறது. யார் யாரோடு போவது என்று ஒரு கணக்கு. நாலடி நகர்வதற்குள் மீட்டர் இரண்டரை பவுண்டு ஆகிவிட்டதே என்று ஒரு புலம்பல். அப்புறம் போகவேண்டிய இடத்தைச் சொல்கிறார்கள்: ஹில்ஸ்பரோ வழியாக ஹை க்ரீன். அது ஷெஃபீல்டின் வடக்கு ஓரத்துப் புறநகர், பாடல்களை எழுதிப் பாடும் அலெக்ஸ் டர்னர் வளர்ந்த இடம். அவ்வளவு தள்ளி வீடு இருப்பவனுக்குத்தான் நள்ளிரவு டாக்சி பாட்டெழுதும் அளவுக்குப் பெரிய விஷயம். எஃகைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் எழுதிவிடலாம். எந்த வழியாகப் போகச் சொல்வது என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

எஃகும் இல்லாமல் இல்லை. இவர்கள் பயிற்சி செய்தது நீப்செண்ட் பகுதியில், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். ஆலைகள் ஓய்ந்துபோன பேட்டை அது. பொழுது சாய்ந்தபின் அந்தத் தெருக்களில் நிற்கும் பெண்களையும், அவர்களைத் தேடி வரும் ஆண்களையும் பார்த்து எழுதியதுதான் 'வென் தி சன் கோஸ் டவுன்'. தொழில் போன இடத்தில் என்ன மிஞ்சியது என்று அந்தப் பாட்டு காட்டுகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பேச்சு. ராக் பாடினால் நாக்கு தானாக அமெரிக்காவுக்குப் போய்விடும், பிரிட்டிஷ் பாடகர்கள் பலருக்கும் அப்படித்தான். டர்னர் தன் ஊர்ப் பேச்சிலேயே பாடினார். 'மார்டி பம்' பாட்டு தொடங்குவதே ஷெஃபீல்டு இருக்கும் வட்டாரமான யார்க்‌ஷயரில் ஆளைப் பார்த்ததும் சொல்லும் 'நௌ தென்' என்ற சொல்லோடுதான். 'மார்டி' என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது. லண்டன்காரருக்கே விளக்கம் வேண்டியிருக்கும். 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ'வில் ஒரு பாடகன் சான் ஃபிரான்சிஸ்கோ கதை அளக்கிறான், ஆனால் அவன் ஹன்டர்ஸ் பார் ஆள். அது ஷெஃபீல்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பேட்டை. அந்தப் பாட்டில் இருக்கும் கோபம்தான் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு என்பேன். இந்த உள்ளூர்ப் பேச்சு ஊருக்குள் நின்றுவிடவும் இல்லை. ஆல்பம் 2006 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. டர்னருக்கு அப்போதுதான் 20 வயது நிரம்பியிருந்தது.

சரி, ஊரின் ஓர் இடம் தலைப்பிலேயே கண்ணில் பட்டே ஆகவேண்டும் என்றால் ஷெஃபீல்டுப் பாடகர் ரிச்சர்ட் ஹாலியின் 'கோல்ஸ் கார்னர்' கேளுங்கள், 2005. கோல் பிரதர்ஸ் என்ற பெரிய கடை இருந்த தெருமுனை அது. காதலர்கள் சந்திக்க அங்கேதான் காத்திருப்பார்களாம். கடை 1963இலேயே வேறு இடத்துக்குப் போய்விட்டது. கட்டடமும் இன்று இல்லை. பெயர் மட்டும் ஊர் மக்களின் வாயில் நிற்கிறது. ஹாலி நாற்பதை நெருங்கும் வயதில், இல்லாத இடத்தைப் பாடுகிறார். டர்னர் போன சனிக்கிழமையைப் பாடுகிறார். இரண்டுமே ஷெஃபீல்டுதான். பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசுக்கு 2006இல் இரண்டு ஆல்பங்களும் போட்டியிட்டன. பரிசு ஆர்க்டிக் மங்கீஸ் பையன்களுக்குக் கிடைத்தது. மேடையில் டர்னர் சொன்னது: யாராவது 999க்கு (அங்கே அவசர போலீஸ் எண்) போன் பண்ணுங்கள், ரிச்சர்ட் ஹாலியிடம் கொள்ளையடித்துவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கடைசிப் பாட்டு 'எ சர்ட்டன் ரொமான்ஸ்' வரை பொறுமையாக வாருங்கள். இங்கே அழகு எதுவும் இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். ஊர்ப் பையன்களின் ஷூவைக்கூட விடாமல் திட்டுகிறார். முடியும்போது, அவர்களில் சிலர் தன் நண்பர்கள், எல்லை மீறினாலும் அவர்கள்மேல் அதே மாதிரி கோபம் வரவில்லை என்கிறார். அதன்பிறகு பேச்சு இல்லை, கிட்டார் மட்டும்தான். அந்தக் கிட்டாரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.